பச்சை விளக்குக்குப் பிறகும் ஆடிய டேபிள்

பராமரிப்புப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். மாதிரிக்கு என்று வேறு யாரோ ஓய்வு பெற்றவர் எழுதிய ஒரு பக்கத்தையும் அனுப்பியிருந்தார்கள். நிர்வாகத்துக்கு நன்றி, கூட வேலை பார்த்தவர்களுக்கு நன்றி, கம்பெனி ஒரு குடும்பம் மாதிரி. படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். எனக்கு அப்படி எழுத வராது. ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது, எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அதில் பாதிக்கு மேல் என் மேலேயே இருக்கிற கோபம்.

ஆகவே ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். "மெஷின்ல ஒண்ணும் மாறலம்மா" என்று நான் ஒருவரிடம் சொன்னேன். ஒன்றரை வாரத்தில் அவருடைய விரல் போனது.

ஆம்பூருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஒரு ஷூ ஆலையில் நான் பராமரிப்புக்குப் பொறுப்பாக இருந்தேன். அங்கே ஷூவுக்கு அடிப்பாகம் ஊற்றும் ரோட்டரி மெஷின் ஒன்று உண்டு. பெரிய வட்டமான இரும்பு டேபிள், அதன் விளிம்பைச் சுற்றி மோல்டுகள், அதாவது அச்சுகள். தைத்து வந்த மேல்பாகத்தை ஒரு மோல்டில் மாட்டுவார்கள். டேபிள் ஒரு இடம் நகர்ந்து நிற்கும். அடுத்த மோல்டு, மறுபடி ஒரு இடம். வழியில் ரசாயனத்தை ஊற்றுவார்கள், ஒரு சுற்று முடிவதற்குள் அது இறுகி அடிப்பாகமாகிவிடும். கடைசி இடத்தில் நிற்பவர் முடிந்த ஷூவைக் கழற்றிவிட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். நாள் முழுக்க அதே வேலை.

அந்த இடத்தில் நின்றவர் கஸ்தூரி. மாதனூர்ப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். முப்பது வயதைத் தாண்டியவர், பிளஸ் டூ படித்தவர், இரண்டு பெண் பிள்ளைகள். அந்த ஒரு மெஷினில் மட்டும் ஆறு வருடம் நின்றிருந்தார். பேச்சு கம்மி. ஆறு வருடத்தில் எங்கள் அறைக்கு வந்து ஒரு குறை சொன்னதில்லை. வராதவர் ஒருவர் வந்து சொல்கிறார் என்றால் அதற்கு எவ்வளவு எடை தர வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இந்த டேபிள் எப்படி நிற்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அத்தனை எடையோடு சுற்றி வருகிற இரும்பு, நில் என்றால் நிற்காது. அதனால் அடியில் ஒரு ஸ்பிரிங்கும் எண்ணெய் நிரம்பிய ஒரு டேம்பரும் இருந்தன. டேபிள் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனால் ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளும். டேம்பர் அதன் வேகத்தைத் தின்னும். உங்கள் பைக்கில் இருக்கும் ஷாக் அப்சார்பரும் இதே ஜோடிதான். எண்ணெய் ஒழுகிப் போன ஷாக் அப்சார்பரோடு ஒரு ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கிப் பாருங்கள். வண்டி ஒரு தடவை அமுங்கி எழுந்து அடங்காது, நாலு தடவை ஆடும். ஸ்பிரிங் நல்ல ஸ்பிரிங்தான். ஆட்டத்தைத் தின்ன ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அந்த வருடம் எங்களுக்குப் பெரிய ஆர்டர் வந்தது. அதுவரை பிள்ளைகள் போடும் பள்ளிக்கூட ஷூ ஓடிக்கொண்டிருந்த மெஷினில், தொழிற்சாலைகளில் போடும் கனத்த பூட்ஸ் ஓட வேண்டும். புது மோல்டுகள் வந்தன. முன்பு ஒரு ஆள் தூக்கி மாட்டிய மோல்டை இப்போது இரண்டு பேர் தூக்கி மாட்டினார்கள். மாட்டியவர்களில் நானும் ஒருவன். முதுகு வலிக்கிறது என்று பேசிக்கொண்டோம். இத்தனை எடையை அந்தப் பழைய டேம்பர் தாங்குமா என்று ஒருவரும் பேசவில்லை. டேபிளின் வேகத்தையும் குறைக்கக் கூடாது என்று உத்தரவு. குறைக்கவில்லை.

பூட்ஸ் ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள், டீ நேரத்தில் கஸ்தூரி எங்கள் அறை வாசலில் வந்து நின்றார்.

"சார், அந்த டேபிளு வந்து நின்னுட்டு திரும்பி வருது சார்."

"திரும்பி வருதா? எப்டிம்மா?"

"கம்பெனி பஸ்ஸு பிரேக் போட்டா நாம முன்னாடி போய்ட்டு பின்னாடி வந்து ஒக்கார்றோம்ல சார், அந்த மாதிரி. போய்ட்டு வருது. கைய வச்சா நல்லாத் தெரியுது."

போய்ப் பார்த்தேன். அதைக்கூடச் செய்யவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. பத்து நிமிடம் நின்றேன். கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. டேபிள் வந்தது, லேசாக ஒரு அதிர்வு, நின்றது. நின்றதும் பச்சை விளக்கு எரிந்தது. பச்சை எரிந்தால் கை வைக்கலாம், அதுதான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருந்த விதி.

"மெஷின்ல ஒண்ணும் மாறலம்மா. மோல்டுதான் புதுசு. நீ கொஞ்சம் பொறுத்து கை வை, சரியாப் போய்டும்" என்றேன்.

"பொறுத்தா ஜோடி கவுன்ட் கொறஞ்சிடும் சார். சூப்பர்வைசர் கத்துவாரு."

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன். இப்போது நினைத்தாலும் அந்தச் சிரிப்பை அறைய வேண்டும் போலிருக்கிறது.

ஆனால் அவர் சொன்னது மனதில் லேசாக உறுத்தியது. டேபிள் எங்கோ கொஞ்சம் கூடுதலாகப் போகிறது போல, அவ்வளவுதானே, ஸ்பிரிங்கை இறுக்கமானதாகப் போட்டுவிட்டால் தாண்டாது என்று முடிவு செய்தேன். எங்கள் பிரிவில் எண்ணெய் அழுத்த வேலைகளைப் பார்த்தவர் நசீர் பாய். என்னைவிட நான்கு வயது சின்னவர், கையில் பிடித்தே ஒரு பம்பின் உடம்பு நிலையைச் சொல்லிவிடுவார். அவரைக் கூப்பிட்டு ஸ்பிரிங்கை மாற்றச் சொன்னேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "ஸ்பிரிங்கு தள்ளத்தான் சார் செய்யும். புடிக்கிறது ஆயிலு. டேம்பர கழட்டிப் பாத்துடலாமே?"

"அத கழட்டினா எவ்ளோ நேரம் நிக்கணும்?"

"அரை ஷிஃப்ட் வேணும். ஜாஸ்தியும் ஆவலாம்."

அரை ஷிஃப்ட் லைன் நிற்பதா? மேனேஜரிடம் போய் யார் கேட்பது? ஸ்பிரிங் என்றால் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிடும். "ஸ்பிரிங்கையே மாத்துங்க பாய்" என்றேன். அவர் மறுபடி ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்தார்.

இதை நன்றாகக் கவனியுங்கள். எது மெஷினுக்குத் தேவை என்று நான் முடிவு செய்யவில்லை. எது சாப்பாட்டு நேரத்துக்குள் முடியும் என்று முடிவு செய்தேன். அதற்குப் பிறகு அந்த முடிவுக்கு இன்ஜினியரிங் பெயர் வைத்தேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, சாப்பாடு முடிந்து மெஷின் ஓடத் தொடங்கி சிறிது நேரத்தில் அலறல் கேட்டது. நான் ஓடிப் போனபோது டேபிள் நின்றிருந்தது. யாரோ சிவப்புப் பட்டனை அடித்திருந்தார்கள். கஸ்தூரியின் வலது கை, மோல்டின் விளிம்புக்கும் பக்கத்தில் அசையாமல் நிற்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் இருந்தது. அவர் அலறவில்லை. அலறியது பக்கத்தில் நின்ற பெண். கஸ்தூரி தன் கையை வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் நசீர் பாயும் டேபிளைப் பின்னால் தள்ளிக் கையை எடுத்தோம். கம்பெனி வண்டியில் வேலூருக்குக் கொண்டு போனார்கள். நடுவிரலைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆள்காட்டி விரலை முடியவில்லை.

மறுநாள் காலை மேனேஜர் கூப்பிட்டார். என்னைவிட இளையவர், கெட்ட வார்த்தை பேசாதவர், யாரையும் "சார்" போட்டுத்தான் கூப்பிடுவார். மேஜையில் டைப் செய்த ஒரு தாள் இருந்தது. ஆபரேட்டரின் கவனக்குறைவால் விபத்து, இயந்திரம் நல்ல நிலையில் உள்ளது. கீழே பராமரிப்புப் பொறுப்பாளர் என்று என் பெயர்.

"சாமுவேல் சார், செவ்வாய்க்கிழமை பூட்ஸ் வாங்குறவங்க ஆளுங்க பாக்க வர்றாங்க. மெஷின்ல கோளாறுன்னு ஒரு வரி இருந்தாலும் ஆர்டர் போய்டும். இந்த லைன்ல எத்தன பொம்பளைங்க இருக்காங்க, அவங்க வீடெல்லாம் யோசிங்க."

"கஸ்தூரிக்கு?"

"நாம பாத்துப்போம் சார். விட்டுடுவோமா? இது வெறும் பேப்பர்தானே?"

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. மின்விசிறிக் காற்றில் அந்தத் தாள் பறக்காமல் இருக்க அவர் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார், நான் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு எழுதினேன். அவ்வளவு ஒத்துழைப்பு.

சாயங்காலத்துக்குள் லைனுக்குப் பக்கத்துச் சுவரில் புதுசாக ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். கவனக்குறைவு உயிரைக் குடிக்கும் என்று, ஒரு பெண் போனைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வது போலப் படம். எங்கள் லைனில் போனே கிடையாது, அங்கே நிற்பவர்களிடம் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதையும் பார்த்துவிட்டு நான் வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை பகலில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கஸ்தூரி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கை தோளிலிருந்து தொங்கிய துணியில் இருந்தது. அவருடைய பெரிய பெண் கிளாசில் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

"சார், நான் பச்சை எரிஞ்சப்புறம்தான் கைய வச்சேன்" என்றார்.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எல்லாரும் நீ அவசரப்பட்டேன்றாங்க. சூப்பர்வைசரு வந்து, ஏம்மா அவ்ளோ அவசரம்னு கேட்டாரு. திருப்பித் திருப்பிச் சொன்னதுல எனக்கே இப்ப டவுட்டா இருக்குது சார். பச்சை எரிஞ்சிச்சா இல்லியா? நீங்க மெஷின் பாக்குறவரு. நீங்க சொல்லுங்க."

ஒரு விரல் போன பிறகு, தன் கண்ணால் பார்த்ததையும் அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தோம். அதற்கு என் கையெழுத்தும் உடந்தை. "பாத்துச் சொல்றேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். படிக்கட்டில் இறங்கும்போதே நசீர் பாய்க்குப் போன் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆலை விடுமுறை. மெஷினைச் சோதிக்க வேண்டும், போனில் படம் எடுக்க வேண்டும் என்று செக்யூரிட்டியிடம் எழுதிக் கொடுத்துவிட்டு நானும் நசீர் பாயும் காலையில் உள்ளே போனோம். பாய் தன் மகனின் போனைக் கொண்டு வந்திருந்தார், அதில் ஸ்லோமோஷன் நன்றாக வருமாம். டேபிளில் ஒரு சாக்பீஸ் கோடு, எதிரே அசையாத சட்டத்தில் ஒரு கோடு. இரண்டும் நேருக்கு நேர் வந்தால் டேபிள் சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கை வைக்கும் இடமும் பச்சை விளக்கும் ஒரே படத்தில் தெரியும்படி பாய் போனைப் பிடித்துக்கொண்டார். நான் ஓட்டினேன்.

பிறகு இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு அந்தச் சின்னத் திரையைப் பார்த்தோம். டேபிளின் கோடு மெதுவாக நகர்ந்து வந்தது. சட்டத்தின் கோட்டைத் தொட்டது. தொட்ட நொடியில் பச்சை எரிந்தது. கோடு நிற்கவில்லை. தாண்டிப் போனது. நின்றது. திரும்பி வந்தது. சரியான இடத்தையும் கடந்து இந்தப் பக்கம், கஸ்தூரியின் கை நசுங்கிய இடுக்கை நோக்கி வந்தது. மறுபடி அந்தப் பக்கம்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..." பாய் எண்ணிக்கொண்டே வந்தார். ஐந்தாவது ஆட்டத்தில் டேபிள் அடங்கியது. அவ்வளவு நேரமும் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"எவ்ளோ தாண்டுது பாய்?"

அவர் திரையில் தெரிந்த இடைவெளியை அளக்கத் தன் இரண்டு விரலை மெஷினில் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். சரியாக இரண்டு விரல் அகலம். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

விளக்கு பொய் சொல்லியிருக்கிறது. டேபிள் முதல் தடவை இடத்தைக் கடக்கும்போதே, அது நின்றுவிட்டது என்று விளக்கை எரிய வைக்கும் சென்சார் நினைத்துக்கொண்டது. கஸ்தூரி விதியை மீறவில்லை. நாங்கள் சொல்லிக் கொடுத்த விதியை ஒரு நொடி பிசகாமல் கடைப்பிடித்ததால்தான் அவர் கை அங்கே இருந்தது.

அன்று பகல் முழுக்க மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தோம். இரண்டு பேரும் சேர்ந்து பழைய லேசான மோல்டுகளை மாட்டி, பழைய ஸ்பிரிங்கோடு ஓட்டினோம். டேபிள் ஒரு மயிரிழை தாண்டி, ஒரே தடவை திரும்பி, நின்றது. ஆறு வருடம் அவர் கைக்குப் பழகியது அதுதான். கனத்த மோல்டு, பழைய ஸ்பிரிங்: இரண்டு விரலுக்கும் மேலே தாண்டியது, ஆனால் சோம்பலாக ஆடியது. கனத்த மோல்டு, நான் போட்ட இறுக்கமான ஸ்பிரிங்: தாண்டும் தூரம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் திரும்பி வரும் வேகம் கூடியது. ஆடி அடங்குகிற நேரம் கொஞ்சமும் குறையவில்லை. அதே நேரத்துக்குள் அதிகத் தடவை ஆடியது.

புத்தகத்தில் இதற்குத் தணிப்பு, டேம்பிங் என்று பெயர், சூத்திரமும் இருக்கும், நீங்கள் பரீட்சையில் எழுதியிருப்பீர்கள். நானும் பாலிடெக்னிக்கில் எழுதி முழு மார்க் வாங்கியவன். எடை கூடினால் அதே டேம்பர் பலவீனமாகிவிடும். ஸ்பிரிங்கின் இறுக்கம் கூடினாலும் அதே டேம்பர் பலவீனமாகிவிடும். டேம்பரில் கை வைக்காமலே அதைக் கெடுக்கலாம். நான் இரண்டு விதத்திலும் கெடுத்தேன். முதலில் மோல்டைத் தூக்கி மாட்டியபோது, பிறகு அந்தத் தவறைச் சரி செய்கிறேன் என்று ஸ்பிரிங்கை மாற்றியபோது. மெஷினில் ஒன்றும் மாறவில்லையாம். மெஷின் சுமந்துகொண்டிருந்தது மாறியிருந்தது, இந்த மடையனுக்கு அது மாற்றமாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை மேனேஜர் அறைக்குப் போனேன். படம் இருந்த போனை அவர் முன்னால் வைத்தேன். அவர் முழுதாகப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். முகம் மாறியது. நல்ல வேளை, மனுஷன் புரிந்துகொண்டான் என்று நினைத்தேன்.

"இத யார் யார் பாத்திருக்காங்க?" என்றார்.

அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"நான். நசீர் பாய்."

"டெலிட் பண்ணிடுங்க சார். டேம்பர அடுத்த மாசம் மாத்திக்கலாம். ரிப்போர்ட் போய்டுச்சி, நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமா, நான்தான் போட்டேன். பொய்க் கையெழுத்து. இப்ப நெசக் கையெழுத்து போடறேன், பேப்பர் குடுங்க."

"சாமுவேல் சார், கோவப்படாதீங்க..."

"கோவப்படாம இன்னா பண்றது? அந்தப் பொண்ணு பச்சை எரிஞ்சிச்சா இல்லியான்னு என்னைக் கேக்குது! அது கண்ணால பாத்தத அதுவே நம்ப மாட்டேங்குது!"

என் குரல் வெளியே லைன் வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். அவர் தாள் தரவில்லை. நானே பிரிண்டரிலிருந்து ஒன்றை உருவினேன். வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் தவறு, இயந்திரத்தின் டேம்பர் சுமைக்குப் போதவில்லை, விளக்கு முன்கூட்டியே எரிகிறது, ஆபரேட்டர் மீது தவறில்லை, முன்பே அவர் சொல்லியும் நான் சரியாகப் பார்க்கவில்லை என்று நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை அவர் மேஜையில் வைத்து, போனில் படமும் எடுத்துக்கொண்டேன். வெளியே வந்து மெஷினின் மெயின் சுவிட்சை அணைத்து, ஒரு பூட்டைப் போட்டுப் பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

மேனேஜர் பின்னாலேயே வந்தார். பெண்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரியின் இடத்தில் அன்று வேறொரு பெண் நின்றிருந்தார். புதுசு, இருபது வயதுகூட இருக்காது.

"சாவிய குடுங்க சார்."

"டேம்பர் வந்தா தர்றேன்."

"நாளைக்கு வர்றவங்களுக்கு இன்னா பதில் சொல்றது?"

"அந்த எடத்துல உங்க கைய வைங்க, தர்றேன்."

அவர் வைக்கவில்லை. யாராக இருந்தாலும் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் புதுப் பெண்ணை வைக்கச் சொல்ல அவர் தயாராக இருந்தார். அதைத்தான் என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை.

விஷயம் முதலாளி வரை போனது. அவர் போனில் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: எத்தனை நாள்? ஒன்றரை நாள் என்றேன். சரி என்று வைத்துவிட்டார். அவ்வளவு சுலபம். அரை ஷிஃப்ட் கேட்கப் பயந்துகொண்டு நான் ஸ்பிரிங்கை மாற்றினேனே, அதை நானே நேராகக் கேட்டிருந்தால் இதே பதில் கிடைத்திருக்குமோ என்னவோ. கேட்டால்தானே தெரியும்? நான் கேட்கவே இல்லை.

சென்னையிலிருந்து பெரிய டேம்பர் வந்தது. நசீர் பாய் பொருத்தினார். முதல் தடவை வால்வை ரொம்ப இறுக்கிவிட்டார். டேபிள் தாண்டவில்லை, ஆனால் இடத்துக்கு வந்து சேரவும் மனசில்லாமல் ஊர்ந்தது. "இன்னா பாய், டேபிளு நடந்து வருது?" என்று ஒரு பெண் கேட்க, அத்தனை நாளுக்குப் பிறகு லைனில் சிரிப்பு வந்தது. பாய் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்தினார். ஒரு இடத்தில் அது பிடிபட்டது. டேபிள் வந்தது, நின்றது. போனில் எடுத்துப் பார்த்தாலும் கோடு கோட்டின் மேல் வந்து உட்கார்ந்து அப்படியே இருந்தது. அந்த இடம் எல்லா மெஷினுக்கும் உண்டு. அதைவிடத் தளர்ந்தால் ஆடும், அதைவிட இறுகினால் ஊரும். விளக்கையும் மாற்றினோம், டேபிள் இடத்தில் வந்து அசையாமல் இருந்த பிறகுதான் இனி பச்சை.

ஒரு வாரம் ஓடியதும் கவுன்ட்டைப் பார்த்தேன். முன்பு வந்த அதே எண்ணிக்கை, நாலைந்து ஜோடி கூடவே இருந்தது. ஆடுகிற டேபிளில் ஷூவை மாட்டத் தடுமாறிய நேரம் மிச்சமானதே காரணம். அதாவது, அந்த அவசரத்தால் யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. ஒரு ஜோடி பூட்ஸ்கூட லாபமில்லை. ஒரு பெண்ணின் விரல் சும்மா போனது. அதைப் பார்த்த அன்று எனக்கு வந்த கோபம், மேனேஜர் அறையில் வந்ததைவிடப் பெரியது. கத்துவதற்குத்தான் எதிரில் யாரும் இல்லை.

பூட்ஸ் வாங்குகிறவர்கள் வந்து பார்த்தார்கள், ஆர்டரை ரத்து செய்யவில்லை. டேம்பரைக் காட்டச் சொன்னார்கள், காட்டினோம், எழுதிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான். என்னை இரண்டு மாதத்தில் தோல் பதனிடும் இடத்தில் கழிவுநீர் பம்ப்புகளைப் பார்க்க மாற்றினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, அனுபவசாலி தேவைப்படுகிறார் என்றார்கள். கடைசி நாள் வரை அந்த நாற்றத்தில்தான் வேலை பார்த்தேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை. மேனேஜர் இன்னொரு கம்பெனிக்கு இன்னும் பெரிய பதவியில் போய்விட்டார், அங்கேயும் எல்லோரையும் "சார்" என்றுதான் கூப்பிடுகிறாராம்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, நாள் முழுக்க அந்த இரும்பில் கை வைத்திருப்பவரிடம், அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லாதீர்கள். அவர்களுக்கு டேம்பிங் என்ற வார்த்தை தெரியாமல் இருக்கலாம். உங்கள் மீட்டருக்கு முன்னால் அவர்கள் கை அளந்திருக்கும்.

பச்சை எரிந்தது உண்மைதான் என்று கஸ்தூரியிடம் ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டேன். அவர் நான்கு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். பேக்கிங்கில் போட்டார்கள். செய்தி கேட்டு ஒரு நாள் பம்ப் ஹவுசிலிருந்து கிளம்பி ஆலைக்குப் போனேன். பெட்டிகளுக்கு நடுவில், இடது கையால் டேப் ஒட்டப் பழகிக்கொண்டிருந்தார்.

"என்னை மன்னிச்சிடும்மா" என்றேன். மூன்று நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த வார்த்தை.

அவர் டேப்பைக் கீழே வைத்தார். "அது இருக்கட்டும் சார். நான் மொதல்ல வந்து சொன்னேனே, டேபிளு திரும்பி வருதுன்னு. அத எங்க எழுதி வச்சீங்க?"

எங்கேயும் எழுதவில்லை. அந்த மெஷினுக்கு ஒரு நோட்டு உண்டு, எண்ணெய் ஊற்றினால்கூட அதில் எழுத வேண்டும். நான் அன்று எழுதவில்லை.

"எழுதலம்மா."

"அப்ப நான் சொல்லவே இல்லன்னு ஆய்டுமே சார், நாளைக்கு?"

போய் நோட்டை எடுத்து வந்தேன். அவர் முன்னாலேயே, எழுதுகிற நாளின் தேதியைப் போட்டு, விபத்துக்கு முந்தைய வாரமே கஸ்தூரி என்னிடம் வந்து டேபிள் திரும்பி வருவதாகச் சொன்னார் என்று எழுதினேன். அடுத்த வரியில், நான் நம்பவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நோட்டை அவரிடம் நீட்டினேன். அவர் பெட்டியின் மேல் வைத்து மெதுவாகப் படித்தார்.

"நம்பவில்லைன்னு போட்டிருக்கீங்க" என்றார். "நம்பறதும் நம்பாததும் அப்புறம் சார். நீங்க கேக்கவே இல்ல. அதயே எழுதுங்க."

நோட்டை வாங்கி, அந்த வார்த்தையை அடித்துவிட்டு, அவர் சொன்னபடியே எழுதினேன்.